மூன்றாம் கிளாரினெட்

கண்ணு,

நேற்று ராத்திரி வீடியோ காலில் நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னாய்: "தாத்தா, எனக்குத் தேர்ட் கிளாரினெட்தான் குடுத்திருக்காங்க. முப்பத்திரண்டு பார் சும்மா உக்காந்திருக்கணும். அப்புறம் ஒரே நோட்டையே இழுத்துக்கிட்டிருக்கணும்." என்ன பாட்டு என்று கேட்டேன். "ஏதோ போரைப் பத்தினது தாத்தா" என்றாய். அதற்குள் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், நீ போய்விட்டாய்.

மூன்றாம் கிளாரினெட் என்பதில் எனக்கு வருத்தமில்லை. இருபத்து நாலு வருஷம் ராணுவ பேண்டில் ஊதியவன் நான். அதில் முதல் ஒன்பது வருஷம் மூன்றாம் கிளாரினெட்தான். என் தூக்கத்தைக் கெடுத்தது நீ சொன்ன அந்த 'ஏதோ'. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் கோயில் நடை சாத்தி, தெருவில் நாய்கள்கூட அடங்கிய பிறகும் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் 'ம்' போட்டுவிட்டு ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறினால் அம்மா படித்துக் காட்டட்டும். உன் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உன் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கொட்டகையில் வேலை பார்த்தார். பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்து, ஓரமெல்லாம் தோல் கட்டினதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே நிற்கிற பொம்மையை எடுப்பார்கள். காயவைத்து, பிசிறு சீவி, சூளையில் ஏற்றுவார்கள். சூளை ஆறினதும் அப்பா முன்னால் வந்து குந்துவார். ஒவ்வொரு உருப்படியையும் இடது கையில் தூக்கி, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டு. நல்ல உருப்படி 'ணங்' என்று மணி போல நின்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்'கென்று அங்கேயே செத்துவிடும். கண்ணில் படாத விரிசல் காதில் படும். பொம்மை என்றால் 'டொக்'கென்றாலும் ஓரமாக வைப்பார், பாதி விலைக்குப் போகும். ஃபியூஸ் கட்டை என்றால் தரையில் போட்டு உடைத்துவிடுவார். "எங்கியோ ஒரு வீட்டுல ஒரு பொம்பள ஈரக் கையோட இதத் தொடுவா. சத்தத்துக்குப் பின்னாடி ஒரு ஆளு இருக்குடா" என்பார்.

அப்போது எனக்கு அது வேலை நறுவிசு பற்றிய பேச்சாகத்தான் பட்டது. நானும் பதினாறு வயதில் அதே கொட்டகைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து பேண்டு செட்டில் கிளாரினெட் பழகினேன். எங்கள் மாஸ்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு மார்ச் நோட்டு இருந்தது. அதிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டுகளில் ஒன்று 'கதம் கதம் படாயே ஜா'. கேட்டவுடன் கால் தானாக ஆடும். கல்யாணத்துக்கு இதைவிட எடுப்பான மெட்டு ஏது என்று மாப்பிள்ளை ஊர்வலம் தவறாமல் வாசிப்போம். அதுவும் சும்மா வாசிக்க மாட்டோம். சைட் டிரம்காரன் விரட்ட விரட்ட நாங்கள் ஓட்டமாக ஓட்டுவோம்.

1970 தை மாதம் என்று நினைவு. கடைத்தெருவில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் 'மலேயாக்காரர்' என்று ஊரே கூப்பிடும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த மெட்டை எடுத்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. ஊர்வலம் அவரைத் தாண்டிப் போகிறவரை அப்படியே நின்றார். ஏதோ குடித்திருக்கிறார் என்று எங்கள் ஆள் ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஊதிக்கொண்டே எப்படிச் சிரிக்க முடியும் என்று கேட்காதே. பதினெட்டு வயதில் முடியும்.

ஊர்வலம் முடிந்து திரும்பும்போது என்னை மட்டும் கூப்பிட்டார். "தம்பி, இது எந்தப் பாட்டு தெரியுமா?" என்றார். "ஏதோ மிலிட்டரி பாட்டுங்க மாமா" என்றேன்.

நீ சொன்ன அதே 'ஏதோ'தான் கண்ணு. அதனால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அவர் திட்டவில்லை. எனக்கும் ஒரு டீ சொன்னார். மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார். நீ உன் பள்ளிக்கூடத் தோழிகளோடு ஐஸ்கிரீம் தின்னப் போவதாகச் சொல்வாயே, அந்தப் பாடாங் மைதானத்தில்தான் 1943 ஜூலை மாதம் அந்தப் படை அணிவகுத்து நின்றது. அங்கிருந்து பர்மா, பிறகு இம்பால். "போறப்ப இந்தப் பாட்டப் பாடிக்கிட்டுப் போனோம். அப்ப கால்ல பூட்ஸு இருந்துச்சு. திரும்பி வர்றப்ப பூட்ஸும் இல்ல, பாடறதுக்குப் பக்கத்துல ஆளும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யார் யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் டீக்கடைக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் அவர் நடந்து காட்டினார். "வாசிக்காதன்னு சொல்லல. வாசி. நாங்க நடந்த நடையில வாசி." அவர் காலடியை நான் மனசுக்குள் எண்ணினேன். எங்கள் ஊர்வல வேகத்தில் முக்கால் பங்குகூட இருக்காது. ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் கணக்குத் தெரிந்தது: விரைவு நடைக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி. பேண்டு அதற்கு மேல் ஓடினால் நடப்பவன் காலும் மனசும் சிதறும். அந்தப் பெரியவர் டீக்கடை வாசலில் இருபத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் கணக்கைக் காலில் வைத்திருந்தார்.

அந்த மெட்டைப் போட்டவர் கேப்டன் ராம்சிங் தாக்குரி. இமாசலத்துத் தரம்சாலாப் பக்கம் 1914-இல் பிறந்த கூர்க்கா. ஆங்கிலேயரின் கூர்க்கா படையில் இருந்து, மலேயாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பிறகு போஸின் படையில் இசைக்குழுவை நடத்தியவர். போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு அந்தப் பாட்டைத் தேசத்துரோகம் என்று தடைசெய்தது. 1947-இல் தடை நீங்கியது. அதே வருஷம் செங்கோட்டையில் தேசிய கீதம் வாசிக்க ராம்சிங்கையும் அவருடைய குழுவையும் அழைத்தார்கள். எந்த ராணுவத்தை எதிர்த்து அந்த மெட்டு பிறந்ததோ, அதன் வாரிசான இந்திய ராணுவத்தின் அணிவகுப்பு மெட்டாக இன்று அது ஒலிக்கிறது. நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. டீக்கடைக்குப் பிறகு ஒரு முறைகூட ஓட்டி வாசித்ததில்லை.

சிங்கப்பூர் நீ இருக்கிற ஊர் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வாட்டர்லூ தெருவில்தான் 1943 அக்டோபரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை, சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். தோட்டத்துப் பெண்கள், படித்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகத் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களில் ஒருவரான ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது வயது 16, உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவாகக் கடற்கரையோரம் எஸ்பிளனேடில் 1945-இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் அதே இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகை வைத்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நின்று படித்துவிட்டுப் போ. கல்லை வெடிவைத்துத் தகர்க்க முடிந்தது, மெட்டை முடியவில்லை. அது ஒரு டீக்கடை வாசல்வரை நடந்தே வந்துவிட்டது.

இனி உன் முப்பத்திரண்டு பாருக்கு வருகிறேன்.

பேண்டுக்காரன் என்றால் வெள்ளைக் கையுறை, பித்தளை பட்டன், கண்காட்சி ஆள் என்று நினைக்கிறார்கள். போர் வந்தால் பேண்டுக்காரனின் வேலை ஸ்ட்ரெச்சர் தூக்குவது. வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அடிபட்டவனைக் குண்டு விழுகிற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வரவேண்டும். வெலிங்டன் ராணுவப் பயிற்சி முகாமில் எங்களுக்கு வாசிப்பு எப்படிப் பாடமோ, முதலுதவியும் அப்படியே பாடம். எனக்குப் போர்முனை வாய்க்கவில்லை. எனக்கு மூத்த டிராம்போன்காரர் ஒருவர் 1971 போரில் தூக்கியிருக்கிறார். ஒரு வீரனின் இறுதி மரியாதைக்கு முதல் முறையாக அவரோடு போனேன். பியூகிள்காரர் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதி முடித்தார். பிறகு மௌனம். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் பெரும் பாடாக இருந்தது. கால் மாற்றினேன், ரீடை நக்கினேன், கீழே ஊர்கிற எறும்பைப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை. பிறகு 'ரவுஸ்' ஊதினார்கள், கலைந்தோம்.

திரும்பி வரும்போது லாரியில் அவர் சொன்னார்: "நீ அந்த ரெண்டு நிமிஷம் வாசிக்கல." எனக்குப் புரியவில்லை. "யாருமே வாசிக்கலியே அண்ணே" என்றேன். "நான் வாசிச்சேன்" என்றார். "முன்னாடி ஊதினது அவன் தூங்கறதுக்கு. பின்னாடி ஊதினது அவன் எழுந்திருக்கிறதுக்கு. நடுவுல இருக்கிறதுதான் அவன். அப்ப நீ எறும்பப் பாத்துக்கிட்டு இருந்த."

உன் தாளில் அந்த முப்பத்திரண்டு பாருக்கு ஒரு தடித்த கோடும் மேலே ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள். அது உனக்குக் கொடுத்த ஓய்வு என்று எண்ணாதே. அதை எழுதியவர் அந்த இடத்தில் உன் குரல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். எண்ணிக்கொண்டே இரு, கேட்டுக்கொண்டே இரு. யார் வாசிக்கிறார்கள், யார் நிறுத்துகிறார்கள் என்று பார். அந்தப் போரில் யாரோ ஒருத்தி பேச முடியாமல் இருந்த நேரமாக அது இருக்கலாம்.

அந்த ஒற்றை நோட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. உன் பாட்டி உனக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்தாளே, நினைவிருக்கிறதா? முதல் கிளாரினெட் பஞ்சமத்தில் நிற்கும், டியூபா ஷட்ஜத்தில் நிற்கும், நடுவில் மூன்றாம் கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் வருவது காந்தாரம். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் அசையாமல் இருக்கட்டும். நீ மட்டும் அந்தர காந்தாரத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு அரை சுரம் இறங்கு. மொத்த பேண்டும் வெயிலிலிருந்து நிழலுக்குள் போய்விடும். வெற்றியா இழவா என்பதை எத்தனையோ இடங்களில் நடுவில் இருக்கிற அந்த ஒரு குரல்தான் தீர்மானிக்கிறது. சபையில் கைதட்டுபவர்களுக்கு உன் பெயர் தெரியாது. உன் காந்தாரம் கொஞ்சம் பிசகினால் மட்டும் எல்லாருக்கும் ஏதோ உறுத்தும். அடுத்த வாரம் ஒத்திகையில் உன் தாளைப் பார்த்துச் சொல், அது எந்தச் சுரம் என்று.

சத்தத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று உன் கொள்ளுத்தாத்தா சொன்னார், மெட்டுக்குள்ளும் அப்படித்தான். ஆள் மாறுவதும் உண்டு. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயப் பட்டாள பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சுமார் 40 நோட்டுஸ்வர சாகித்தியங்களைச் செய்தார். எல்லாம் சங்கராபரணம். அதில் 'சந்ததம் பாஹிமாம்' இருப்பது ஆங்கிலேய அரசனை வாழ்த்துகிற அவர்களுடைய தேசிய கீதத்தின் மெட்டில். அரசனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் அம்பாளை உட்கார வைத்துவிட்டார். கோபமில்லை, சண்டையில்லை. அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். கிளாரினெட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நம் பக்கம் வந்து சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. ஆகவே உன் கையில் இருக்கிற கருப்புக் குழல் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டில் இருக்கிறது.

நம் தேசிய கீதம் தேர்வானதில்கூட பேண்டுக்குப் பங்கு உண்டு. 1947 ஆகஸ்ட் 15 ஆனதும் ராணுவ பேண்டுகள் என்ன வாசிப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. பழையதை வாசிக்க முடியாது. புதியது இன்னும் முடிவாகவில்லை. அந்த வருஷம் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போன நம் தூதுக்குழுவிடம் உங்கள் கீதம் எது என்று கேட்டபோது 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொடுத்தார்கள். அங்கிருந்த வாத்தியக் குழு வாசித்தது. கேட்டவர்கள் பல நாட்டவர்கள், எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நேரு 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் இதைச் சொல்லி, வாத்தியக் குழுக்களும் பேண்டுகளும் வாசிக்கத் தோதான மெட்டு என்பதையும் ஒரு காரணமாக வைத்தார். 1950 ஜனவரி 24-இல் முடிவாயிற்று. 52 விநாடி. அந்த 52 விநாடிக்குள் எங்கே மூச்சு எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று பத்து வருஷம் பழகினேன்.

நீ முன்பு அனுப்பின வேறொரு பாட்டையும் கேட்டேன், 'பிராகா 1968-க்கான இசை'. உங்கள் பள்ளி பேண்டுக்கு அது பெரிய சுமை என்று உங்கள் மாஸ்டர் சொன்னது சரி. மூன்று நாள் கேட்டேன். முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை, தலைவலிதான் வந்தது. இரண்டாம் நாள் உன் மாமன் அதன் கதையைக் கணினியில் படித்துச் சொன்னான். எழுதியவர் காரெல் ஹூசா. பிராகாவில் 1921-இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் தன் பிறந்த ஊருக்குள் நுழைந்ததை வானொலியில் கேட்டார். போக முடியாது, தடுக்க முடியாது. இத்தாக்கா கல்லூரி பேண்டுக்காக ஒரு பாட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினார். 1969 ஜனவரியில் வாஷிங்டனில் முதல் முறை வாசித்தார்கள்.

கதை தெரிந்த பிறகு மூன்றாம் நாள் கேட்டேன். ஆரம்பத்தில் பிக்கோலோ தனியாக ஒரு பறவை போலக் கூப்பிடுகிறது. டிம்பனியில் எங்கோ ஆழத்தில் ஒரு பழைய பாட்டின் தலை தெரிகிறது. அது பதினைந்தாம் நூற்றாண்டில் அந்த நாட்டு ஹுஸ்ஸைட் வீரர்கள் பாடிய போர்ப்பாட்டு. கோபுர நகரம் என்பதால் மணிகள். மூன்றாவது பகுதியில் ஊதுகுழல் ஒன்றுகூடக் கிடையாது, தட்டு வாத்தியங்கள் மட்டும். கடைசியில் அந்தப் பழைய பாட்டை எல்லாரும் ஒரே குரலில் எடுக்கிறார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பாட்டனின் பாட்டைப் பேரன் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு மலேயாக்காரர் நினைவு வந்துவிட்டது. சோவியத் பிடி தளர்ந்த பிறகு 1990-இல் பிராகாவிலேயே அதை ஹூசா தன் கையால் நடத்தினார் என்றான் உன் மாமன். அப்போது அவருக்கு 68 வயது. அந்த மேடையில் மூன்றாம் கிளாரினெட் வாசித்தவர் யாரோ, அவரை நினைத்துப் பார்க்கிறேன்.

ஹூசாவுக்கு வெகுமுன்பே, பாரிஸில் 1830 புரட்சியில் செத்தவர்களுக்காகப் பத்து வருஷம் கழித்து பெர்லியோஸ் என்பவர் ஒரு பெரிய இறுதி ஊர்வல இசை எழுதினார். சுமார் 200 பேர் கொண்ட ராணுவ பேண்டு. தெருவில் நடந்துகொண்டே வாசித்தார்கள். சத்தத்தில் பெரும்பகுதி யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் எழுதினது நின்றது. இன்றும் வாசிக்கிறார்கள்.

இன்னொன்று. டெல்லியில் ஜனவரி 29-ஆம் தேதி படைகள் திரும்பும் நிகழ்ச்சியில் நான் நின்றிருக்கிறேன். அந்தி நேரத்தில் 'அபைட் வித் மீ' வாசிப்போம், மணிகள் தூரத்திலிருந்து பதில் சொல்லும். காந்திக்குப் பிடித்த பாட்டு அது. 2022-இல் அதை எடுத்துவிட்டு, 1962 போரில் மாண்டவர்களுக்காகப் பிறந்த 'ஏ மேரே வதன் கே லோகோ' மெட்டை வைத்தார்கள். 1963 ஜனவரி 27-இல் லதா மங்கேஷ்கர் நேருவுக்கு முன்னால் பாடியது. எனக்கு முதல் பாட்டு போனதில் வருத்தம்தான், மறைக்க மாட்டேன். வந்த பாட்டும் இறந்தவனுக்கானதுதான் என்பதால் அதன் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டையும் வாசிக்க இடம் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது உன்னிடம் கேட்க நினைத்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வெள்ளாறு கடலில் சேர்கிற இடம் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ஆம் தேதி அங்கே ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும் போர் நடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கி அடிபட்டுத் திரும்பியிருந்தார் கூட். பரங்கிப்பேட்டையில் அவர் கை ஓங்கிவிட்டது. அவருடைய படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள் ஒரு பிரிவு. குண்டு மழையில் பைப் ஊதிக்கொண்டே நின்ற ஒருவனைப் பார்த்து மகிழ்ந்து, வெள்ளியில் பைப் செய்துகொள்ள 50 பவுண்டு கொடுத்தார் என்று அந்தப் படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. அவர்கள் அதை இருநூறு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

நம் பக்கம்? ஹைதர் படையில் செத்தவனும் நம் மண்ணுக்காரன், கூட் படையில் சிப்பாயாகச் செத்தவனும் நம் மண்ணுக்காரன். அவர்களுக்கு வெள்ளிக் குழலும் இல்லை, மூங்கில் குழலும் இல்லை. ஒரு மெட்டுகூட இல்லை. நான் ராணுவத்தில் உலகத்து மார்ச் எல்லாம் வாசித்தேன். என் வீட்டிலிருந்து ஒரு பகல் வழியில் நடந்த போருக்கு வாசிக்க என்னிடம் ஒரு தாள் கிடையாது. எழுதவும் எனக்குத் தெரியாது. நான் வாசிக்கப் பழகியவன், அவ்வளவுதான். நீ படிக்கிற இடத்தில் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகையால் நீ எழுது கண்ணு. இப்போது இல்லை, பத்து வருஷம் கழித்து. விருத்தாசலத்தைச் சுற்றி ஓடுகிற மணிமுத்தாறு நம் ஊருக்குப் பக்கத்தில் கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டைக்குப் போகிறது. பாட்டும் அந்த வழியிலேயே போகட்டும். விருத்தாசலத்தில் பீங்கான் கிண்ணங்களில் தொடங்கு. ஜலதரங்கம் வாசிப்பதே பீங்கான் கிண்ணத்தில்தானே. உன் கொள்ளுத்தாத்தா தட்டின 'ணங்' அதில் வரட்டும். ஒரே ஒரு கிண்ணம் விரிசல் விட்டதாக இருக்கட்டும், அந்த 'டொக்' போர் வருவதைச் சொல்லிவிடும். கூடலையாத்தூரில் இரண்டு ஆறும் சேரட்டும், கிளாரினெட்டும் யூஃபோனியமுமாக. பரங்கிப்பேட்டையில் என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் பாடு. முப்பத்திரண்டு பார் மௌனம் அங்கே தேவைப்படலாம்.

கடைசியில் ஆற்றைத் தாண்டித் தென்கரையில் கிள்ளைக்கு வா. மாசி மகத்துக்கு நம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு அங்கே போகிறார். வழியில் கிள்ளைத் தைக்கால் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம் பெருமக்கள் சுவாமிக்கு வரவேற்பு கொடுத்து மரியாதை செய்வதும், சுவாமியின் மாலை தர்காவுக்குப் போவதும் நான் சிறுவனாக இருந்த நாள் முதல் பார்க்கிற காட்சி. பேண்டு செட்டோடு நானும் அந்த வெயிலில் நடந்திருக்கிறேன். போர் நடந்த கடற்கரையும் அந்தத் தீர்த்தவாரி நடக்கிற கடற்கரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் முதலாவதைத்தான் எழுதுகிறார்கள். இரண்டாவதும் சரித்திரம்தான். நீ எழுதுகிற பாட்டில் இரண்டும் இருக்க வேண்டும். இதை மட்டும் தாத்தா பிடிவாதமாகக் கேட்கிறேன்.

அந்தப் பாட்டை வாசிக்க நான் இருப்பேனோ மாட்டேனோ. இருந்தால் எனக்கு மூன்றாம் கிளாரினெட் கொடு.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. வியாழக்கிழமை ஒத்திகை என்றாய். போனதும் உங்கள் மாஸ்டரிடம் கேள்: இந்தப் பாட்டு எந்தப் போரைப் பற்றியது, எந்த வருஷம், எந்த ஊர், யார் இறந்தார்கள், எழுதியவர் அப்போது எங்கே இருந்தார். கூச்சப்படாதே, பேண்டு மாஸ்டர்களுக்கு இப்படிக் கேட்கிற பிள்ளைகளை ரொம்பப் பிடிக்கும். பதிலை ஒரு தாளில் எழுதி, உன் பார்ட்டின் முதல் பக்கத்துக்கு மேலே பென்சிலால் குறித்துக்கொள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.